கர்ப்பிணிக்கு முதல் மாத்திரை ஏன் ஃபோலிக் ஆசிட்? பதில் தேடிய லூசி வில்ஸின் கதை

கர்ப்பம் உறுதியானதும் டாக்டர் முதலில் எழுதிக் கொடுக்கும் மாத்திரை எது? ஆரம்ப சுகாதார நிலையமா இருந்தாலும் சரி, பெரிய தனியார் மருத்துவமனையா இருந்தாலும் சரி, பதில் ஒண்ணுதான்: ஃபோலிக் ஆசிட். விலை ரொம்பக் குறைவு, அளவும் சின்னது. அதனாலேயே இதைப் பெரிசா எடுத்துக்காதவங்களும் உண்டு. சத்து மாத்திரைதானே என்று பாதியில் நிறுத்திவிடுவதும் நடக்கிறது.

ஆனா, இந்த மாத்திரைக்குப் பின்னால் கிட்டத்தட்ட 100 வருட வரலாறு இருக்கிறது. அது தொடங்கியது பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளிடம். நடுவில் நம்ம குன்னூரும், சென்னை திருவல்லிக்கேணியும் வருகின்றன. வரலாற்றின் மையத்தில் இருப்பவர் டாக்டர் லூசி வில்ஸ். கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிடும் சாப்பாடு அவர் உயிரையும் குழந்தையின் உடல்நலத்தையும் எப்படித் தீர்மானிக்கிறது என்று இன்று நாம் பேசுகிறோம். அதற்கான அடிப்படைக் கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டவர்களில் இவர் முக்கியமானவர்.

யார் இந்த லூசி வில்ஸ்?

1888 மே 10 அன்று, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா அறிவியல் பட்டதாரி. அம்மாவின் அப்பா டாக்டர். பெண் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு என்று கேட்காத வீடு. செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் பள்ளிப் படிப்பு. 1907ல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் படித்தார்.

1911ல் தேர்வுகளை முடித்தார். ஆனா பட்டம் கிடைக்கவில்லை. காரணம், மதிப்பெண் இல்லை. பெண்கள் கேம்பிரிட்ஜில் படிக்கலாம், தேர்வு எழுதலாம். முழுப் பட்டம் மட்டும் தர மாட்டார்கள். அந்த விதி மாறவே 1948 ஆனது.

அதே 1911ல் அப்பா இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து அக்கா எடித்தும் இறந்தார். அம்மாவை அழைத்துக்கொண்டு 1913ல் இலங்கைக்குப் போய்வந்தார் லூசி. 1914ல் தென்னாப்பிரிக்கா போனார். அவர் அங்கே இருந்தபோதுதான் முதல் உலகப் போர் வெடித்தது. கேப் டவுனில் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் தன்னார்வ நர்ஸாக வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும், 1915 ஜனவரியில் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

பெண்களை டாக்டராக்குவதற்கென்றே பிரிட்டனில் 1874ல் தொடங்கப்பட்ட முதல் கல்லூரி அது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையோடு இணைந்து இயங்கியது. 1920ல் லூசி டாக்டர் ஆனபோது அவருக்கு 32 வயது. கிளினிக் வைத்து நோயாளிகளைப் பார்க்கும் வழியில் அவர் போகவில்லை. ராயல் ஃப்ரீயில் கர்ப்பகால நோய்களை ஆராயும் பிரிவில் சேர்ந்தார். கர்ப்பிணியின் உடலுக்குள் என்னென்ன மாற்றங்கள் நடக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

பம்பாயில் என்ன பிரச்சினை?

1920களில் இந்தியாவில் பிரசவம் பல பெண்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அதற்கான காரணங்களை விசாரிக்கும் பணியில் இறங்கியிருந்தார் டாக்டர் மார்கரெட் பால்ஃபர். இந்திய ஆராய்ச்சி நிதி சங்கம் அதற்கு ஆதரவு தந்தது. இன்றைய ஐ.சி.எம்.ஆரின் தாய் அமைப்பு இது. பால்ஃபரின் அழைப்பை ஏற்று 1928ல் லூசி பம்பாய் வந்தார். ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்தான் அவருடைய ஆய்வுக்கூடம். லேடி டாடா நினைவு அறக்கட்டளையும் நிதி கொடுத்தது.

அவர் முன்னால் இருந்த புதிர் இதுதான். ஜவுளி மில் தொழிலாளிகள் உட்பட ஏழைப் பெண்கள் பலருக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கடுமையான ரத்தசோகை வந்தது. உடம்பு வெளுக்கும், மூச்சு வாங்கும். பலர் பிரசவத்தைத் தாங்காமல் இறந்துபோனார்கள்.

ரத்தசோகை என்றதும் நமக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் ஞாபகம் வரும். அதில் சிவப்பணுக்கள் சின்னதாகவும் வெளிறியும் இருக்கும். ஆனா இந்தப் பெண்களில் பலருடைய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிசா இருந்தன. எண்ணிக்கையோ மிகக் குறைவு. பெர்னீஷியஸ் அனீமியா என்ற வேறொரு நோயிலும் இதே மாதிரி பெரிய அணுக்கள்தான் தெரியும். அந்த நோய்க்கு ஈரல் சாப்பிடக் கொடுத்தால் குணமாகிறது என்று 1926ல்தான் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரு டாக்டர்கள் காட்டியிருந்தார்கள். அப்போ பம்பாய்ப் பெண்களுக்கும் அதே நோய்தானா?

ரத்தத்தோடு சாப்பாட்டையும் பார்த்தார்

கிருமியா, சுகாதாரக் குறைவா, சாப்பாடா? லூசி எதையும் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. மேத்தா, தல்பாடே போன்ற இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை பார்த்தார். ரத்தப் பரிசோதனை ஒரு பக்கம் நடந்தது. பம்பாய்ப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட சூழலில் வாழ்கிறார்கள் என்று விசாரிக்கும் கணக்கெடுப்பு இன்னொரு பக்கம் நடந்தது.

வெவ்வேறு சமூகங்கள், வெவ்வேறு வருமானங்கள், வெவ்வேறு சாப்பாட்டுப் பழக்கங்கள். எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது ஒரு தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. யாருடைய சாப்பாடு மிக மோசமாக இருந்ததோ, அவர்களுக்குத்தான் இந்த ரத்தசோகை அதிகமாக வந்தது. ஏழை முஸ்லிம் பெண்கள்தான் இதில் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாட்டில் வகையும் இல்லை, சத்தும் இல்லை. அதே ஊரில் நல்லா சாப்பிட முடிந்த பெண்களிடம் இந்த நோய் அரிதாக இருந்தது.

இன்றைக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். நோய்க்குக் காரணம் அந்தப் பெண்ணின் உடல்வாகு இல்லை, அவளுக்குக் கிடைக்காமல் போன சாப்பாடு என்று சொல்வதற்கு அன்று ஆதாரம் தேவைப்பட்டது. லூசி அதைச் சேகரித்தார்.

குன்னூர், அப்புறம் திருவல்லிக்கேணி

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி வேலை பார்த்த இடம் குன்னூர். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்கரிசன் நடத்திவந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது இதுதான். இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டவர் மெக்கரிசன். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாப் சாப்பாட்டில் எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த மதராஸ் சாப்பாட்டில் எலிகள் பின்தங்கின.

1931 தொடக்கத்தில் லூசி சென்னைக்கு வந்தார். வேலை பார்த்த இடம், சென்னைவாசிகள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனை. ஆண் டாக்டர்களிடம் போக முடியாத பெண்களுக்காக 1885ல் தொடங்கப்பட்டது அது. தொடங்கியவர் மேரி ஷார்லீப். லூசி படித்த அதே லண்டன் கல்லூரியின் மாணவி.

எலிகள் காட்டிக்கொடுத்த சிக்கல்

பம்பாயின் ஏழைப் பெண்கள் சாப்பிட்ட அதே மாதிரி சாப்பாட்டைத் தயாரித்து வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் லூசி. எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. கர்ப்பமாக இருந்த எலிகள் குட்டி போடும் முன்பே செத்துப்போயின. சாப்பாட்டில் ஈஸ்ட் சேர்த்தால் நோய் தடுக்கப்பட்டது. அவ்ளோதான், கேஸ் முடிஞ்சதுன்னு நினைக்கத் தோணும், இல்லையா?

முடியவில்லை. எலிகளின் ரத்தத்தில் பார்ட்டோனெல்லா என்ற கிருமி இருப்பது தெரியவந்தது. எலிப்பேன் மூலமாகப் பரவும் கிருமி. நல்லா சாப்பிடும் எலிகளிடம் இது பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். சத்தில்லாத சாப்பாடு கொடுத்ததும் தலைதூக்கியது. அதாவது, எலிகளின் ரத்தசோகைக்கு வெறும் சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. சாப்பாட்டுக் குறைவும் கிருமித் தொற்றும் கைகோத்திருந்தன.

தன்னுடைய அழகான முடிவைக் குழப்பும் இந்த விஷயத்தை லூசி மூடி மறைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். அடுத்து ரீசஸ் குரங்குகளிடம் சோதனை செய்தார். இந்தமுறை விடை தெளிவாக வந்தது. சத்தில்லாத சாப்பாட்டால் ரத்தசோகை வந்த குரங்கு, ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறியது.

ஏன் மார்மைட்?

அந்த ஈஸ்ட் சாறுதான் மார்மைட். பீர் தயாரிப்பில் மிச்சமாகும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும், உப்புக் கரிக்கும் கருப்பு விழுது. 1902 முதல் இங்கிலாந்தில் விற்பனையில் இருக்கிறது. இலங்கையில் பல வீடுகளில் இன்றும் பிரெட்டில் தடவிச் சாப்பிடுவார்கள்.

ஈரல் சாறு கொடுத்தாலும் பம்பாய்ப் பெண்களுக்குக் குணமானது. ஆனா ஈரல் சாறு விலை அதிகம். மில் தொழிலாளியின் குடும்பத்தால் அதை வாங்க முடியாது. மார்மைட்டோ மலிவு, கெட்டுப்போகாது, எங்கேயும் கொண்டுபோகலாம். கர்ப்பிணிகளுக்கு லூசி மார்மைட் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே பசி எடுக்க ஆரம்பித்தது. புது சிவப்பணுக்கள் உருவாயின. சாவின் விளிம்பில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது.

மார்மைட்டுக்குள் அப்படி என்ன இருக்கிறது என்று லூசிக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது. தெரியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இருந்தது, ஏழைகளால் வாங்க முடிந்தது. உடனே பயன்படுத்தினார்.

வில்ஸ் ஃபேக்டர் என்றால் என்ன?

பெயர் தெரியாத அந்தப் பொருளை மருத்துவ உலகம் வில்ஸ் ஃபேக்டர் என்று அழைத்தது. அதைப் பற்றி லூசி இன்னொரு முக்கியமான விஷயத்தையும் கண்டுபிடித்தார். சுத்திகரிக்காத ஈரல் சாறு பம்பாய்ப் பெண்களைக் குணப்படுத்தியது. நன்கு சுத்திகரித்த ஈரல் சாறு குணப்படுத்தவில்லை. ஆனா பெர்னீஷியஸ் அனீமியா நோயாளிகளுக்கு அதே சுத்திகரித்த சாறு நன்றாக வேலை செய்தது. அப்படியென்றால் ஈரலில் இரண்டு வேறு வேறு பொருட்கள் இருக்கின்றன, நோய்களும் இரண்டு.

அவர் கணிப்பு சரி. ஒன்று, 1948ல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12. இன்னொன்றை 1941ல் அமெரிக்காவில் பசலைக்கீரை வகையான ஸ்பினாச்சிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. அதனால் அதற்கு ஃபோலிக் ஆசிட் என்று பெயர். டன் கணக்கில் கீரையை அரைத்தால்தான் சிறிதளவு கிடைத்தது.

ஆய்வுக்கூடத்திலேயே ஃபோலிக் ஆசிட்டைத் தயாரிக்கும் வழியை 1940களின் நடுவில் கண்டுபிடித்தது, அமெரிக்காவின் லெடர்லே நிறுவனக் குழு. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கீரையில் ஒளிந்திருந்த சத்து மாத்திரை ஆனது இப்படித்தான்.

சரி, இது உடம்பில் என்ன வேலை செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், அதன் டி.என்.ஏ நகல் எடுக்கப்பட வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. அது இல்லையென்றால் செல் வளர்ந்துகொண்டே போகும், பிரிய முடியாது. பம்பாய்ப் பெண்களின் சிவப்பணுக்கள் பெரிசாகவும் குறைவாகவும் இருந்தது இதனால்தான். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி, குழந்தை, தாயின் ரத்தம் என எல்லாமே ஒரே நேரத்தில் வளர்கின்றன. ஃபோலேட் தேவை எகிறுகிறது. ஏற்கெனவே சத்தில்லாத உடம்பு அப்போதுதான் சரிகிறது.

லண்டன், போர், ஓய்வு

1933ல் லூசி ராயல் ஃப்ரீக்கே முழுநேரமாகத் திரும்பினார். 1937 நவம்பரில் மறுபடியும் பம்பாய் வந்து பத்து வாரம் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் அவசர மருத்துவ சேவையில் நோயியல் நிபுணராகப் பணியாற்றினார். 1944ல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மீது ஜெர்மனியின் பறக்கும் குண்டு விழுந்தது. வேலை தொடர்ந்தது. ரேஷன் முறையும் இரும்புச்சத்து மாத்திரையும் கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபினை எப்படி மாற்றுகின்றன என்ற ஆய்வை 1947ல் வெளியிட்டார். ராயல் ஃப்ரீயில் ரத்தவியல் துறையைத் தொடங்கியவரும் அவர்தான்.

1947ல் ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ஊட்டச்சத்தையும் ரத்தசோகையையும் ஆராய்ந்தார். லண்டன் செல்சி பகுதியில் தொழிற்கட்சி கவுன்சிலராகவும் இருந்தார். காரில் வலம்வரும் பெரிய டாக்டர் இல்லை அவர், சைக்கிளில் வேலைக்கு வருபவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரலில், 75 வயதில் காலமானார்.

அவர் பார்க்காமல் போன அத்தியாயம்

அவர் இறந்த மறுவருடம், 1965ல், ஹிப்பர்ட், ஸ்மித்தெல்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூளை, முதுகுத்தண்டில் குறையோடு பிறக்கும் குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஃபோலேட் பிரச்சினை இருக்கலாம் என்றது அது. அதுவரை தாயின் உயிரைக் காக்கும் பொருளாக இருந்த ஃபோலிக் ஆசிட், குழந்தையின் கதைக்குள்ளும் வந்தது.

உறுதியான விடை 1991ல் கிடைத்தது. 7 நாடுகளில், 33 மையங்களில், 1,817 பெண்களிடம் நடந்த ஆய்வு அது. எல்லாருமே ஏற்கெனவே இப்படி ஒரு கர்ப்பத்தில் பாதிக்கப்பட்டவர்கள். கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களிடம், அந்தக் குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

இதில் நேரம்தான் முக்கியம். குழந்தையின் மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் மாறப்போகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதே அப்போதுதான் தெரியும். ஸ்கேன் பார்த்து, ரிப்போர்ட் வாங்கி, அப்புறம் மாத்திரை ஆரம்பித்தால் இந்த ஒரு விஷயத்துக்கு அது லேட். அதனால்தான் அமெரிக்கா 1998 முதல் மாவிலேயே ஃபோலிக் ஆசிட் சேர்க்கச் சொல்லி சட்டம் போட்டது. செறிவூட்டப்பட்ட அரிசியிலும் இரும்புச்சத்து, பி12 கூடவே ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்தினார்களே, பெரும்பாலும் அது இந்தச் சத்து சேர்த்த மணிகள்தான்.

அழற்சிக்கு இதில் என்ன சம்பந்தம்?

லூசியின் எலிகள் காட்டியது மனிதர்களுக்கும் பொருந்துகிறது. உடம்பில் தொற்றோ நீண்டநாள் அழற்சியோ இருந்தால், ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். குடல் இரும்பை உறிஞ்சுவதை அது தடுக்கும். உடம்பில் ஏற்கெனவே இருக்கும் இரும்பையும் பூட்டி வைத்துவிடும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்கு ஹீமோகுளோபின் ஏறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட்கூட, அழற்சி இருந்தால் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும்.

இதன் பாதிப்பு குழந்தைக்கும் போகிறது. கடுமையான ரத்தசோகை உள்ள தாய்க்குக் குறைமாதப் பிரசவம், 2.5 கிலோவுக்கும் குறைவான எடையில் குழந்தை பிறப்பது ஆகியவற்றுக்கான ஆபத்து அதிகம். கர்ப்பப்பையில் வரும் தொற்றும் அழற்சியும்கூட குறைமாதப் பிரசவத்துக்கு முக்கியக் காரணங்கள். பிறந்த முதல் சில மாதங்களுக்குக் குழந்தைக்குத் தேவையான இரும்பு, கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து அதிகமாகச் சேர்கிறது. குறைமாதத்தில் பிறந்தால் அந்தச் சேமிப்பும் குறையும்.

அழற்சியைக் குறைக்கும் சூப்பர் உணவு என்று இன்ஸ்டாகிராமில் வரும் பொடிகளை நம்பி டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, ஈறு வீக்கம், காய்ச்சல் எதுவானாலும் சிகிச்சை எடுப்பதும் ஊட்டச்சத்தின் ஒரு பகுதிதான்.

இன்றைக்கு நாம் என்ன செய்யணும்?

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மருந்து கண்டுபிடித்து இத்தனை வருடம் ஆகியும் பாதிக்கு மேல். அதனால:

• குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசி ஃபோலிக் ஆசிட் தொடங்குங்கள். வழக்கமான அளவு தினம் 400 மைக்ரோகிராம். முன்பு குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்திருந்தால் அளவு கூடும். அதை டாக்டர்தான் முடிவு செய்யணும்.

• நான்காவது மாதத்திலிருந்து இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்த சிவப்பு மாத்திரையை 180 நாள் எடுக்கச் சொல்வது அரசுத் திட்டம். அரசு மருத்துவமனையில் இலவசம். மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மாத்திரையோடு டீ, காபி மட்டும் வேண்டாம். அவை இரும்பை உடம்பில் சேரவிடாது.

• கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, ஆரஞ்சு ஆகியவற்றில் ஃபோலேட் உண்டு. ரொம்ப நேரம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் சேர்ந்து போய்விடும்.

• சுத்த சைவமா? பி12 அளவையும் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தால் ரத்தம் சரியாகத் தெரியும். உள்ளுக்குள் பி12 குறைவால் நரம்பு பாதிக்கப்படுவது வெளியே தெரியாமல் போகலாம். இரண்டும் வேறு வேறு என்று காட்டியதில் லூசிக்கும் பங்கு இருக்கிறது.

• ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால் நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். தொற்று, அழற்சி, குடல்புழு, தலசீமியா என வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும்.

கடைசியாக ஒண்ணு. ரத்தசோகை வந்த கர்ப்பிணியிடம், ஒழுங்கா சாப்பிடலையா என்று கேட்டுத் திட்டுவது நம்ம வீடுகளில் சகஜம். லூசி பம்பாயில் பார்த்தது வேறு: சாப்பாட்டில் சத்து இல்லாததற்குக் காரணம் அந்தப் பெண்களின் அலட்சியம் இல்லை, வறுமை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர், மிச்சத்தைச் சாப்பிடுபவர் பல இடங்களில் இன்னும் அவர்தான். மாத்திரையை ஞாபகமாக எடுப்பது கர்ப்பிணியின் வேலையாக இருக்கலாம். அவருக்கு நல்ல சாப்பாடு முதலில் கிடைக்கச் செய்வது வீட்டில் இருக்கும் எல்லாருடைய வேலை.